நடுவிலிருந்து வாசித்தவள்

"அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுப் போட்டுடு. உன் தலையவா கேக்குறேன்?"

"ஒரு பக்கம் இல்ல தெம்வா. முழு நோட்டும் அப்படித்தான் இருக்கு."

"அப்ப முழுசா திருப்பி எழுது. நாளைக்குக் காலையிலதான குடுக்கணும்?"

ஏரிக்கரையில் மூங்கில் பரண்மேல் உசிப்பா மீன் காய்ந்துகொண்டிருந்தது. தெம்வா குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டே பேசினாள். வெஸி காக்கை விரட்ட நின்றதாகப் பேர். கை இரண்டும் நோட்டை அணைத்திருந்ததால் காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

அவர்கள் பள்ளியில் மூன்று பேருக்கு ஒரு பாடநாவல். தெம்வாவின் வீடு கரையில், வெஸியின் வீடு மலைமேல், மூன்றாமவள் தவோங்காவின் வீடு இரண்டு குடா தாண்டி. சேர்ந்து உட்கார்ந்து படிக்க வழியில்லை. அதனால் புத்தகம் கிடைத்த அன்றே தெம்வா அப்பாவின் மீன் கத்தியை எடுத்து, நாவலை முதுகோடு மூன்றாக அறுத்தாள். ஆளுக்கொரு பாகம், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. புத்தகத்தைச் சேதப்படுத்தினால் அந்த வருடம் முழுக்க வேறு புத்தகம் கிடையாது என்பது பள்ளியின் சட்டம். புத்தகம் வாங்கியவர் ஏட்டில் இருந்தது தெம்வாவின் பெயர்.

சீர்வா மேடம் வாரக் குறிப்பு எழுதச் சொல்வார் என்று யார் கண்டது? "கதைச் சுருக்கம் எனக்கு வேண்டாம். கதை எனக்குத் தெரியும், உங்களத்தான் தெரியாது. படிச்சப்போ மனசுல என்ன ஓடுச்சோ அத எழுதுங்க" என்றிருந்தார்.

வெஸிக்கு முதலில் வந்தது நடுப்பாகம். நோயுற்ற குதிரையோடு ஒரு கிழவர் பனியில் நடக்கிறார். பனியை வெஸி கண்டதில்லை. பாறையில் காயப்போட்ட மரவள்ளி மாவு அடிவானம் வரை கிடப்பதாக நினைத்துக்கொண்டாள். குதிரை படுத்துவிட்டபோது கிழவரும் அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்து, விடியும்வரை அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். 'இவர் நல்லவர். எங்கள் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தபோது அப்பாவும் இப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தார்' என்று எழுதினாள். அடுத்த வாரம் முடிவு வந்தது. அதற்கடுத்த வாரம்தான் தொடக்கம் வந்தது. அந்தக் குதிரை, கிழவர் ஒரு விதவையிடமிருந்து திருடியது.

அந்த வாரம் வெஸி எழுதினாள்: 'ஏமாந்துபோனேன். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஆனால் அவரோடு பனியில் படுத்துக் கிடந்துவிட்டேன். இனி எழுந்து வர முடியாது.'

"திருடன்னு நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கு" என்றாள் தெம்வா. "நீ மூணாவது வாரம் கண்டுபிடிச்சு அழுதிருக்க. புத்தகத்த அறுத்தது தெரியாமப் போக மேடம் என்ன முட்டாளா?"

"நீ என்ன எழுதின?"

"'இவன் திருடன். திருடனுக்கு நல்லது நடக்காது.' மூணு வாரமும் அதேதான். பேனாவ மட்டும் மாத்தினேன்."

வெஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மாமரத்தடியில் புது நோட்டோடு உட்கார்ந்தாள். 'இந்த மனிதன் திருடன். எனக்கு இவனைப் பிடிக்கவில்லை' என்று தொடங்கினாள். குதிரை படுக்கும் இடம் வந்ததும் கை நின்றது. பிடிக்காதவன் பக்கத்தில் எதற்குப் படுப்பது? இருந்தும் ஒரு பக்கம் நிரப்பினாள். படித்துப் பார்த்தபோது, இரவல் சட்டையோடு தேவாலயத்துக்குப் போனதுபோல் கூசியது. அந்தத் தாளை அம்மாவின் அடுப்புக்குக் கொடுத்தாள்.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டாள். "பழைய நோட்டத்தான் குடுக்கப்போறேன். அறுத்தது நான்னு சொல்லிக்கிறேன்."

தெம்வா நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? சம்போ மீன் வயித்தக் கீறச் சொன்னா கண்ண மூடிக்கிறவ. யாருடி நம்புவா?" மறுபடி நடக்கத் தொடங்கினாள். "புத்தகம் என் பேர்ல இருக்கு. கத்தி எங்கப்பாவோடது. நீ அத அப்படியே குடு. நான் பேசிக்கிறேன்."

வெஸி நோட்டைக் கொடுத்ததும் மேடம் மூவரையும் மேசைமுன் நிறுத்திக்கொண்டார். இடைவேளை முழுக்க நோட்டைப் படித்தார். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. மேசைமேல், அவர் கேட்டு வாங்கிய நாவலின் மூன்று பாகங்களும் மீன் துண்டுகள்போல் வரிசையாகக் கிடந்தன.

"நல்லா அறுத்திருக்கு. ஒரு எழுத்துகூடப் போகல. யாரு வேல?"

தெம்வா கையைத் தூக்கினாள். வெஸியும் தூக்கினாள். ஒன்றும் புரியாமல் தவோங்காவும் தூக்கினாள்.

மேடத்தின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா என்று மூவருக்கும் சந்தேகம்.

"பதினோரு வருஷமா இத நடத்துறேன். ஒவ்வொரு வருஷமும் நாலாம் பக்கத்துலயே அந்தாள வெறுத்துடுவேன். அப்புறம் அந்தக் குதிரைக்கு என்ன ஆச்சுன்னுகூட நான் கேட்டதில்ல."

வெஸியின் நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். தொடக்கத்தையும் முடிவையும் ஒரு விரலால் அவர்கள் பக்கம் நகர்த்தினார். நடுப்பாகம் மட்டும் அவர் கையில் இருந்தது. புத்தக அலமாரி முன்னால் மாணவிகள் கேட்கிற அதே தயக்கக் குரலில் கேட்டார்:

"சனிக்கிழமை வரைக்கும் இத எனக்குத் தருவீங்களா?"