டாக்டர் ஸால்வேர்டா குறைக்கச் சொன்ன கதை

1

இந்தக் கதையை எழுதுவது நானா, காலையில் நான் விழுங்கும் வெள்ளை மாத்திரையா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மாத்திரைதான் என்பது என் மனைவி ஹில்ட்யேவின் கட்சி. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நெதர்லாந்தில் லேவார்டன் ஊரில், படகு போகக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெறும்வரை நான் எழுதிய மிக நீண்ட வாக்கியம், ‘பாலம் பழுது, சுற்றிப் போகவும்.’ பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கின்சன் என்றார்கள். நரம்பு மருத்துவர் டாக்டர் ஸால்வேர்டா மாத்திரை கொடுத்தார். நடுக்கம் தணிந்தது. கொஞ்ச நாளில் கதை எழுத ஆரம்பித்தேன்.

(என் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும், அது நோயின் குணம். ஹில்ட்யே பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.)

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

“மழை பெய்துகொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில்” – வேண்டாம். இந்த ஊரில் மழை பெய்யாவிட்டால்தான் கதையில் சொல்ல வேண்டும்.

“டாக்டர் ஸால்வேர்டா உயரமான பெண். அவர் கண்களில்” – என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் எப்போதும் என் காலைப் பார்ப்பார். நானும் என் காலைத்தான் பார்ப்பேன்.

ஆகவே பவுக்கேயிலிருந்து தொடங்குகிறேன்.

3

பவுக்கே மாட்டுப் பண்ணைக்காரன், என்னைப்போல நோயாளி. அவனால் நடக்க முடியாது. ஆனால் சைக்கிள் ஓட்டுவான். எதிர்காற்றில் கிராமத்திலிருந்து மருத்துவமனை வாசல்வரை மிதித்து வருவான். இறங்கியதும் கால் உறைந்துவிடும். அங்கிருந்து சக்கர நாற்காலி. வாசல் காவலாளி அவனை ஏமாற்றுக்காரன் என்றே நினைத்திருந்தான்.

(நீங்களும் நம்பமாட்டீர்கள். கற்பனையாக இருந்தால் இன்னும் நம்பும்படி எழுதியிருப்பேன்.)

அவனுக்கும் அதே மாத்திரை. எனக்குக் கதை கொடுத்தது, அவன் கையில் திருப்புளியைக் கொடுத்தது. வீட்டிலிருந்த வானொலி, பால் கறக்கும் இயந்திரம், மகனுடைய கார்க் கதவு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டான். நானும் ஹில்ட்யேவும் டாக்டரைப் பார்க்கப் போன அன்று, காத்திருப்பு அறையில் அவன் கைக்கு எட்டியது காப்பி இயந்திரம். டாக்டர் ஸால்வேர்டா பெயர் கூப்பிட வெளியே வந்தபோது, அதன் பாகங்கள் தரையில் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் படுத்திருந்தன. பவுக்கே நடுவில் உட்கார்ந்திருந்தான். தேவாலயத்தில்கூட அவன் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் பார்த்ததில்லை.

நர்ஸ் காவலாளியைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“அடுத்து எது?” என்று கேட்டார்.

“அந்தச் சின்ன ஸ்பிரிங். தொடாதீங்க, அதோட முறை இன்னும் வரல.”

“திரும்ப மாட்டத் தெரியுமா?”

“அதுல எனக்கு ஆர்வமில்ல டாக்டர்.”

நாடி பார்த்தவர்போல அவர் தலையசைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, இந்த மாத்திரைக்குப் பிறகு வேறு யாராவது புதிதாக ஏதாவது ஆரம்பித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு பெண்மணி பின்னிக்கொண்டிருந்த, ஆளைவிட நீளமான கழுத்துத்துணியைப் பைக்குள் திணித்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஹில்ட்யே பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல கையைத் தூக்கினாள்.

4

(இந்த டாக்டர் அளவுக்கு மீறி நல்லவராகத் தெரிகிறாரோ? முதல் பிரதியில் அவரைக் கொடுமைக்காரி ஆக்கினேன். கதை விறுவிறுப்பாக ஓடியது, ஆனால் பொய். சமன் செய்ய ஒரு குறை சொல்கிறேன்: என்னை ஒவ்வொரு தடவையும் பவுக்கே என்றுதான் கூப்பிடுவார். பவுக்கேயை மட்டும் சரியாகக் கூப்பிடுவார்.)

டாக்டரின் அறைக்குள் ஹில்ட்யேதான் பேசினாள். சாப்பாட்டு மேசையில் எழுதுவது, குளியலறையில் எழுதுவது எல்லாம் சொல்லிவிட்டு அடக்கத்துக்கு வந்தாள்.

“எங்க அண்ணன் ஓனேவோட அடக்கம். பாதிரியார் பேசிட்டிருக்காரு. இவர் எழுந்து சவப்பெட்டிகிட்ட போனாரு. அழப் போறார்னு நெனச்சேன். பெட்டி மேல தாள வெச்சு எழுதிட்டிருந்தாரு.”

மடியில் வைத்தால் தாள் ஆடுகிறது, கெட்டியான பலகை அங்கே அது ஒன்றுதான் இருந்தது என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்தபோது டாக்டர் மருந்துச்சீட்டைக் கையில் எடுத்திருந்தார்.

இது மாத்திரையின் பக்கவிளைவு, பாதியாகக் குறைக்கலாம் என்றார். நடுக்கம் கொஞ்சம் திரும்பும். கதை போகலாம், போகாமலும் இருக்கலாம். பையிலிருந்த ஒரு கதையை நீட்டி, படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினேன். இறங்க மறுக்கும் ஒரு பாலத்தைப் பற்றிய கதை. ஹில்ட்யேவின் பூதக்கண்ணாடியை வாங்கிப் படித்தார். ஒரே இடத்தில் சிரித்தார். நான் சோகமாக எழுதிய இடம் அது.

“நல்லாத்தான் இருக்கு, பவுக்கே.”

“வீபே.”

“வீபே. நல்லா இருக்கு. அதனால பக்கவிளைவு இல்லன்னு ஆயிடாது. வெளிய உங்க மனைவி கையத் தூக்கினாங்களே, அப்ப அவங்க முகத்தப் பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

இப்போது பாதி மாத்திரை. இந்தக் கதையில் எந்த இடத்திலிருந்து என்று கேட்காதீர்கள். எங்கே தரம் குறைந்தது என்று தேடுவீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கும்.

முடிவு ஒன்று: எழுத்து நின்றுபோகிறது. வீபே நல்ல கணவனாகி, கையில் காப்பி நடுங்க, ஜன்னலருகே –

முடிவு இரண்டு: வீபே திருட்டுத்தனமாக முழு மாத்திரை விழுங்கிப் பெரிய எழுத்தாளனாகிறான். (ஹில்ட்யே படிப்பாள் என்பதால் இதை விரிக்கவில்லை.)

நடந்தது வேறு. அவள் இதுவரை எழுதியதைச் சமையலறையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். படித்துவிட்டு முதல்முறையாக வாய் திறந்தாள்.

“அண்ணன் பெட்டி மேல எழுதினேன்னு இருக்கு. அண்ணனப் பத்தி ஒரு வரி இல்லியே.”

உண்மை. பவுக்கேயின் ஸ்பிரிங்குக்குக் கிடைத்த இடம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. உடனே எழுதப் பார்த்தேன்.

“ஓனே ஒரு” – 

“ஓனே, மீன் பிடிக்கப் போகும்போது” – 

இரண்டையும் கோடு போட்டு அடித்தேன்.

“எனக்கு வரல” என்றேன்.

“நான் சொல்றேன். எழுதாம கேப்பியா?”

கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். ஓனே எப்படிப்பட்டவர், ஹில்ட்யேவுக்கு அவர் யாராக இருந்தார் என்பதை இனி நீங்கள்தான் உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள வேண்டும். என்னால் உதவ முடியாது. அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுகிறாள். இன்னும் எழுதுகிறேனா என்று பார்க்கிறாள். நான் இந்தப் பேனாவை