நடுவில் இருந்த இன்ஜின்

எங்கள் பழைய லாரிக்கு மூக்கு கிடையாது. இன்ஜின் உள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அதாவது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில். வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் போகாத ஊர் இல்லை. ஆனால் வழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது போடுகிற கூச்சலில் பேசினால் தொண்டைதான் போகும்.

அந்த இன்ஜின் புகை கக்கி நின்றுபோய், ஒர்க்‌ஷாப்பில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மரக்கட்டைகள் மேல் இன்னொன்று. உடைத்துப்போட்ட வேறொரு லாரியிலிருந்து எடுத்தது. பழையதைப் பிரித்துச் சரிசெய்வதா, இதைத் தூக்கி வைப்பதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

மெக்கானிக் காலையில், "பழசுதான் இரும்பு, அக்கா. பிரிச்சு புது பிஸ்டன் போட்டா உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் ஓடும்" என்றார். மத்தியானம், "உள்ள ஒரு விரிசல் தெரியுது. மாத்திடுங்க" என்றார். டீ குடித்துவிட்டு வந்து, "மாத்துனா கியர்பாக்ஸோட சேருமான்னு பாக்கணும்" என்றார்.

"இனிமே டீ குடிக்காம ஒரு முடிவு சொல்லுங்க" என்றேன்.

இது போதாதென்று கொழுந்தன் போனில் வந்தான். வாழ்நாளில் ஒரு நாற்காலியைக்கூடத் தூக்கி ஏற்றாதவன். "அண்ணி, ஒரிஜினல் இன்ஜின் போச்சுன்னா அது வெறும் தகர டப்பா. கைய வச்சிடாதீங்க" என்று அரை மணி நேரம் என் காதைத் தின்றான்.

இவரைக் கேட்டால், "நீயே பாத்துச் செய்."

கல்யாணமான புதிதில் இவர் இப்படி இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. திரைத்துணி என்ன நிறம் என்றாலும், மகளை எங்கே படிக்க வைக்கலாம் என்றாலும் இதே பதில்தான். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கொடுத்து வைத்தவள் என்கிறாள். எனக்கோ சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்திலாவது 'எனக்கு இது வேண்டும்' என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு அந்த இன்ஜின் மேல் உயிர் என்று நினைத்தேன். தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும், மூடி மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியில்கூட அவ்வளவு நேரம் கை வைத்ததில்லை. அப்படியானால் பழையதுதான். ஆனால் விரிசல்? எனக்கென்னவோ சத்தமில்லாத வண்டி வேண்டும் போலிருந்தது.

"ஓடவிட்டுக் காட்டுறேன், பாருங்க" என்று மெக்கானிக் கீழே இருந்ததை ஸ்டார்ட் பண்ணினார். பூனை உறுமுகிற மாதிரி மெல்ல ஓடியது. இவர் குத்துக்காலிட்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார். முகம் வாடிவிட்டது.

நான் பின்னாலிருந்து, "அப்ப பழசையே போடச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீயே பாத்துச் செய்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் பொட்டியக் கட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்."

"சரி, சரி. நீயே பாத்துச் செய்."

மெக்கானிக் குபீரென்று சிரித்தார். இவர் திரும்பவில்லை. மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. இன்ஜினை நிறுத்தினார்.

நான் சுற்றிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "நான் இப்ப என்ன சொன்னேன்?"

என் உதட்டைப் பார்த்தார். தொங்குகிற இன்ஜினைப் பார்த்தார். "இன்ஜினைப் பத்தித்தானே?"

வீட்டில் டி.வி.யை அலறவிடுவதை நான் திமிர் என்று நினைத்திருந்தேன்.

"எப்பலேருந்து இப்படி?" என்றேன், சத்தமாக, மெதுவாக.

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா." கையை விரித்துக் காட்டினார். "வண்டி ஒழுங்கா ஓடுதான்னு காதுக்குத் தெரியல. அதான் கைய வச்சுப் பாக்குறேன். பழசுல உனக்கும் ஒண்ணும் கேக்காது, எனக்கும் கேக்காது. தப்பிச்சுக்கிட்டேன். இது சத்தம் போடாதுன்னு கையிலயே தெரியுது. நீ பேச ஆரம்பிப்ப. நான் மாட்டிக்குவேன்."

"அப்ப பழசுதான் வேணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ என்கிட்ட எப்பக் கேட்ட?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

இத்தனை நாளும் இவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன். நல்லவேளை, அதுவும் கேட்டிருக்காது.

மெக்கானிக் தயங்கி, "அக்கா, எதுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் இவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "பழசா, புதுசா? நீங்கதான் சொல்லணும்."

பழையதைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புதுசு போடச் சொல்லு" என்றார். "நீ உக்கார்ற பக்கத்துக் காது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"முதல்ல காது டாக்டர். அப்புறம்தான் ஸ்டியரிங்" என்றேன்.

வண்டி தயாராகி, அவர் காதில் மெஷினும் ஏறிய பிறகு முதல் சவாரி. பேச வேண்டியதையெல்லாம் மனதில் கட்டி எடுத்துக்கொண்டு ஏறியிருந்தேன். உட்கார்ந்ததும் ஒன்றுகூட வரவில்லை. அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நாற்சந்தி வந்தது.

"இடது பக்கம் போங்க" என்றேன், சாதாரணக் குரலில்.

அவர் இடது பக்கம் திருப்பினார்.