கம்ப்ரசர் அறையில் மரத்த கை

1

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, காலை 10.40 மணி. ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளாண்டின் கம்ப்ரசர் அறையில், ஆபரேட்டர் நாகராசுவின் வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது.

கதை அங்கே தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. புதுக்கோட்டையில் நரம்பியல் மருத்துவராக இருக்கும் வித்யா, தன் கிளினிக்கில் காத்திருப்பவர்கள் படிப்பதற்கென்று எட்டுப் பக்க மாத இதழ் ஒன்று நடத்துகிறார். மூளைக்கு இரத்தம் எப்படிப் போகிறது என்று எழுதித் தரச் சொன்னார்.

"கட்டுரையா வேணாங்க. போன மாசம் சர்க்கரை பத்திப் போட்ட கட்டுரையை எல்லாரும் மடிச்சு விசிறிக்கிட்டு இருந்தாங்க. கதையா எழுதுங்க."

"கதையை வச்சும் விசிறலாமே டாக்டர்."

"பரவால்ல, படிச்சிட்டு விசிறுவாங்க."

2

தொடக்கங்கள் சில:

(அ) "உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. கூட்டுக்குடும்பத்தில் இப்படி ஒரு மருமகன்—" (மருமகன்கள் கோபித்துக்கொள்வார்கள். விட்டேன்.)

(ஆ) "நிமிடத்துக்கு முக்கால் லிட்டர். கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஆக நான்கு தமனிகள் மேலே ஏறுகின்றன. மண்டைக்குள் போனதும் நான்கும் கைகோத்து ஒரு வளையம் ஆகின்றன. ஒன்று அடைத்தாலும் மற்றது—" (பாடப்புத்தகம். விசிறிதான்.)

(இ) "வளையம் என்றால் என்ன என்று நாகராசுவைக் கேளுங்கள்."

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். வளையத்துக்கு உள்ளூரில் ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருந்தபோது, ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்ட் ஒன்றில் தண்ணீர்க் குழாயை வளையமாக இழுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அறந்தாங்கி போய் பஸ் மாறினேன்.

* இந்த வளையம் எல்லோருக்கும் முழுதாக இருப்பதில்லை. பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஓர் இணைப்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். இருக்கிறதா இல்லையா என்பது தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

3

நாகராசுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக அதே பிளாண்ட். கம்ப்ரசரின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ரெண்டு மோட்டாரு, ரெண்டு லைனு சார். இங்கிட்டு வந்து ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துருது. ஒரு லைனு அடைச்சாலும் மத்தது ஓட்டிரும்."

"அடைச்சிருச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் இதுல உள்ள வம்பு. தண்ணிதான் வந்துக்கிட்டே இருக்குமே! இந்த மீட்டரு முள்ளு மட்டும் ஒரே ஒரு தடவ ஆடும், அப்புறம் சரியாயிரும். ஆடுனதப் பாத்துட்டா ஓட விடக்கூடாது. நிப்பாட்டி, கழட்டிப் பாத்துரணும்."

இதைச் சொல்லி முடித்தபோதுதான் ஸ்பேனர் விழுந்தது.

அவர் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரல்கள் மடங்க மறுத்தன.

"மரத்துப் போச்சு சார். ஐஸ் பிளாண்டுல இது புதுசா?"

கம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் குழாய் நன்றாகச் சுடும். அதைச் சாக்கால் சுற்றியிருக்கிறார்கள். கை மரத்தவர்கள் அந்தச் சாக்கின்மேல் கையை வைத்துச் சூடேற்றிக்கொள்வது அங்கே வழக்கம். நாகராசுவும் வைத்தார். இளைய ஆபரேட்டர் பெலிக்ஸ் டீ கொண்டுவந்தான். அவர் இடது கையால் வாங்கினார்.

"என்னண்ணே, அண்ணி கையப் புடிச்சு முறுக்கிருச்சா?"

"டேய், நீ போயி டின்னப் பாரு. போன தடவ மாதிரி நடுவுல தண்ணியோட தூக்கித் தொலைக்காத."

உப்புநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் நிரப்பிய டின்னைச் சீக்கிரம் தூக்கிவிட்டால், 'பார்' என்கிற நீள ஐஸ் கட்டியின் நடுப்பகுதி உறைந்திருக்காது. அப்படிப்பட்ட ஐஸ் கடலில் வேகமாகக் கரையும். பெலிக்ஸ் அவசரக்காரன். அவனை நம்பி ஒரு நாள்கூட நாகராசு லீவு போட்டதில்லை.

பத்து நிமிடத்தில் கை சரியானது. அவரே ஸ்பேனரை எடுத்து மாட்டினார். என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கை மரத்தது. 10 நிமிடம். சாக்குச் சுற்றிய குழாய். அருமையான விவரம்."

4

மறுநாள் வெள்ளி காலை அந்த விவரத்தை வைத்து மூன்று பக்கம் எழுதினேன். பிறகு பிழை திருத்த உட்கார்ந்தேன். பத்திரிகையில் இருந்த காலத்துப் பழக்கம், ஒரு வரி இன்னொரு வரியோடு முட்டுகிறதா என்று பார்ப்பது. இரண்டு வரிகள் முட்டின.

வரி ஒன்று: "கம்ப்ரசர் அறையில் வெக்கை. ஒரு மணி நேரமாக அங்கேயே நிற்கிறோம். இருவரின் சட்டையும் நனைந்துவிட்டது."

வரி இரண்டு: "குளிரில் அவர் கை மரத்துப்போனது."

வாசகர் கண்டுபிடித்துவிடுவார். எதையாவது வெட்ட வேண்டும். வெக்கையை வெட்டினேன், கதைக்கு மரத்த கைதான் அழகு. (அடித்த கோட்டுக்குக் கீழே அந்த வரியை இப்போதும் படிக்க முடிகிறது.) ஆனாலும் உறுத்தியது. வித்யாவுக்கு வாட்ஸப்பில் கேட்டேன்.

நான்: கதைக்காக ஒரு சந்தேகம் டாக்டர். வெக்கையான அறையில் நிற்பவருக்குக் குளிரால் கை மரக்குமா?

வித்யா: மரக்காது. எந்தக் கை? எவ்வளவு நேரம்?

நான்: வலது. பத்து நிமிடம். ஸ்பேனர் நழுவியது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது.

வித்யா: கதையா, நடந்ததா?

நான்: நடந்தது. நேற்று.

அதற்குப் பிறகு செய்தி வரவில்லை. போன் வந்தது.

"ஆளு இப்ப எங்கங்க இருக்காரு?"

"வேலையில. நாளைக்கு போட் எல்லாம் போகுதுல்ல, இன்னைக்கு ஐஸ் ஏத்துற நாள்."

"அது குளிரு இல்லீங்க. வலது கையை ஓட்டுறது மூளையோட இடது பக்கம். அதுக்குப் போற இடது கழுத்துத் தமனி அடைச்சிருக்கலாம். அங்கேருந்து ஒரு துணுக்கு மேல போயி நின்னு, கரைஞ்சிருக்கும். அடுத்தது கரையாமப் போகலாம். வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாள்லயே வரும். வந்துட்டா கையும் போகும், பேச்சும் போகும். கதையை மூடி வச்சுட்டு அவரை அனுப்பி வைங்க."

மணி 11.20. இரண்டு நாளில் ஏற்கெனவே ஒரு நாள் போயிருந்தது. அந்த ஒரு நாளில் நான் உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

5

"ஞாயித்துக்கெழம வாரேன் சார்," என்றார் நாகராசு போனில். பின்னால் ஐஸ் உடைக்கும் மிஷின் அலறியது. "நாளைக்கு நாப்பத்தொரு போட்டு போகுது. பெலிக்ஸ்ட்ட விட்டுட்டு வந்தா ஊரே என்னையத் திட்டும்."

கதைக்காகச் சேர்த்து வைத்திருந்த ஆயுதத்தை எடுத்தேன். "அண்ணே, நீங்கதான சொன்னீங்க, முள்ளு ஒரு தடவை ஆடுனா ஓட விடக்கூடாதுன்னு? நேத்து ஆடுனது உங்க முள்ளுதாண்ணே."

நல்ல வசனம். திட்டமிட்ட கதையில் இந்த இடத்தில் அவர் மௌனமாகி, கையைப் பார்த்து, கிளம்பிவிடுவார்.

"அது மோட்டாரு சார்," என்றார். "நான் மனுசன்." வைத்துவிட்டார்.

பெலிக்ஸை அழைத்தேன். முதல் நாள் அவனைப் படம் எடுத்திருந்தேன். அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தான். அவனிடமிருந்து நாகராசுவின் மனைவி சுகுணாவின் நம்பர் கிடைத்தது. துறைமுகத்துச் சாலையில் தையல் கடை வைத்திருக்கிறார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். தையல் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"காலைல அவரு சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டதே நான்தான் சார். 'நீயே போட்டுவிடு, நல்லாருக்கும்'னு கொஞ்சுனாரு. முப்பது வருசமாக் கொஞ்சாத மனுசன். அப்பவே எனக்குச் சந்தேகம்."

"என்னன்னு?"

"வேற என்னமோன்னு நெனச்சேன். அத விடுங்க. எந்த ஆசுபத்திரின்னு மெசேஜ் போடுங்க. நான் பாத்துக்கிறேன்."

6

அடுத்து முக்கால் மணி நேரம் எந்தத் தகவலும் இல்லை. எழுதுகிறவன் அப்போது என்ன செய்வான்? எழுதினேன். முடிவுகள் இரண்டு:

முடிவு ஒன்று. மாலை, துறைமுகம். ஐஸ் லாரியின் பின்பக்கம் நின்றபடி நாகராசு ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். சொல் வரவில்லை. நாற்பத்தொரு படகுகளும்— (நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால்தான் நிறுத்தினேன்.)

முடிவு இரண்டு. என் முள் வசனம் தாமதமாக வேலை செய்கிறது. அவர் திரும்ப அழைக்கிறார். "சார், நீங்க சொன்னது சரிதான்—" (எழுதியவனுக்கு மட்டும் பிடிக்கும் முடிவு.)

இரண்டிலும் நாகராசு நான் வைத்த இடத்தில் நின்றார். உண்மையில் அந்த நேரத்தில் அவர் நின்றது உப்புநீர்த் தொட்டியின் பலகைமேல். எதிரே சுகுணா. இனி வருவது பெலிக்ஸ் பிற்பாடு சொன்னது.

சுகுணா ஆட்டோவில் வந்தார். கையில் தைத்து முடித்த புதுச் சட்டை ஒன்று, யாரோ வாடிக்கையாளருடையது.

"இதுல ஆறு பட்டன். நீங்களே போட்டுக் காட்டுங்க. நான் வந்த வழியே போயிர்றேன்."

"ஏய், வேலை நேரத்துல என்ன வெளாட்டு? பயலுக சிரிக்கிறாய்ங்க பாரு."

"சிரிக்கட்டும். போடுங்க."

டின் தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வட்டமாக நின்றார்கள். நாகராசு தன் சட்டையின் மேலேயே புதுச் சட்டையை மாட்டிக்கொண்டார். முதல் பட்டன் துளைக்குள் நுழைந்தது. இரண்டாவதும் நுழைந்தது. யாரோ கைதட்டினார்கள். மூன்றாவதில் வலது கட்டைவிரல் பட்டனைத் தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. கைதட்டியவர் நிறுத்தினார்.

"ஐஸத் தொட்டீங்களா இன்னைக்கு?" என்று சுகுணா கேட்டார்.

"இல்ல."

"அப்பறம் எப்படி மரக்குது?"

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை இடது கையால் எடுத்து பெலிக்ஸிடம் நீட்டினார். "ராத்திரி எட்டு மணிக்கு முன்னாடி டின்னத் தூக்காதடா."

"சரிண்ணே."

"சரிங்காத. மணியப் பாத்துத் தூக்கு."

அந்தப் புதுச் சட்டையோடேயே ஆட்டோவில் ஏறினார். அறந்தாங்கியில், புதுக்கோட்டைக்குப் போக வித்யா சொல்லி வைத்திருந்த கார் நின்றது.

* சட்டைக்காரருக்கு சுகுணா வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். இதைக் கதையில் சேர்க்கச் சொன்னார்.

7

இதற்கு மேல் நான் முடிவு எழுதப் போவதில்லை. எழுதினால், எழுத்துதான் அவரைக் காப்பாற்றியது என்று எங்காவது ஒரு வரி வந்துவிடும். நான் அந்த வெக்கையை வெட்டியவன். அவரைக் கிளப்பியது சட்டையின் மூன்றாவது பட்டன். கட்டுரைக்கும் கதைக்கும் இதில் என்ன பங்கு என்பதைக் கிளினிக்கில் காத்திருக்கும்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே ஓரத்தில் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். விசிறவும் செய்யலாம்.

தகவல்கள் மட்டும் மிச்சம். வெள்ளி மாலை 3.40க்கு ஸ்கேன். கழுத்தின் இடது தமனியில் எண்பது சதவீதம் அடைப்பு. வளையம் முழுதாக இருந்தது. வலது பக்கத்து இரத்தம் அதன் வழியே இடது பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் கை சீக்கிரம் சரியானது அதனாலாக இருக்கலாம் என்றார் வித்யா. பன்னிரண்டாம் நாள் மதுரையில் அடைப்பை அகற்றினார்கள். நாகராசு இப்போது வலது கையால் பட்டன் போடுகிறார்.

சனிக்கிழமை காலை நாற்பத்தொரு படகுகளும் கடலுக்குப் போயின. பெலிக்ஸ் கொடுத்த ஐஸில் பதினேழு பார்கள் நடுவில் உறையவில்லை.