எண்ணெய் ஊறும் நேரம்

கடைசி ஒத்திகை முடிந்தபோது, எல்லோரும் புயல் என்று கூப்பிடும் நடிகையின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கீழ் இமைகளில் கறுப்பு திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. இரண்டு நாள் தூங்காமல் அழுதவளைப் போலிருந்தாள்.

அவளுக்கு நாடகத்தில் இரண்டு வேடம். முதல் பாதியில் மாடி அறையில் குடியிருக்கும் நடனக்காரி. கண்ணைச் சுற்றி விரல் அகலத்துக்கு மை, இமை முடியில் தண்ணீர் பட்டாலும் கலையாத மஸ்காரா. இரண்டாம் பாதியில் அந்த வீட்டுச் சொந்தக்காரி. காலையில் எழுந்த முகத்தோடு வந்து, பூட்டிய மாடிக்கதவைப் பார்த்து வாய் ஓயாமல் திட்டுகிறவள். நடுவில் பன்னிரண்டு நிமிட இடைவேளை. உடைக்கும் தலைக்கும் போக, கண்ணுக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம். அன்று மேக்கப் அக்கா விக்குக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த நேரத்தில் புயல் பொறுமையிழந்து, ஈரத் தாளையும் சோப்பையும் எடுத்துத் தானே தேய்த்துவிட்டாள்.

இயக்குநர் ஒப்பனை அறை வாசலிலேயே நின்றார். "முன்வரிசைக்கும் மேடைக்கும் ரெண்டு கை தூரம்தான். வீட்டுக்காரி ராத்திரி பூரா அழுதிருக்கான்னு நினைப்பாங்க. நாளைக்கும் இப்படின்னா அடுத்த காட்சியிலேர்ந்து அந்த வேஷத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

புயல் கையிலிருந்த ஈரத் தாளைக் கசக்கினாள். இரட்டை வேடம் என்பதற்காகவே மூன்று வாய்ப்புகளை வேண்டாமென்று சொன்னவள். அதைப் பார்த்த பிறகுதான், விக்கை விட்டுவிட்டு முதலில் கண்ணைக் கவனித்திருக்க வேண்டும் என்று அக்காவுக்கு உறைத்தது.

"தம்பி, நாளைக்கு ஆள் மாத்த வேண்டியிருக்காது," என்றாள் அக்கா. "என் பொறுப்பு."

"கடையில மை கலைக்கறதுக்குன்னே ஒரு பாட்டில் விக்குதாமே. வாங்கிடலாமா?" என்றார் இயக்குநர்.

"அதுக்குள்ள இருக்கறதும் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணியும்தான். குலுக்கி ஊத்தறதுக்குத்தான் அந்த விலை. எனக்கு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் போதும்."

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் கண்ணில் போட்டதைக் கழுவிச் சோறு சாப்பிடுகிறவள் அவள். வாய்ச்சவடால் கிடையாது. போட்ட மையைவிட எடுத்த மைதான் ஒப்பனைக்காரியைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவள் கணக்கு.

அன்று மாலையே புயலை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடி மை தீட்டினாள். காய்ந்ததும் பஞ்சில் எண்ணெய் நனைத்து, மூடிய கண்கள் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். "தேய்க்காதே. எண்ணெய் தானா ஊறி மையைப் பிடிச்சுக்கிட்டு வரும். நீ செய்ய வேண்டியது சும்மா இருக்கறது."

சும்மா இருப்பது புயலுக்கு வராது. பட்டப்பெயரே அதற்குச் சாட்சி. பத்து எண்ணுவதற்குள், "ஆச்சா அக்கா?" என்று பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் கண்ணுக்குள் போய், எதிரே இருந்த கண்ணாடி பனி மூடியது போலாகிவிட்டது.

"இப்ப நான் உனக்கு எத்தனை பேரா தெரியறேன்?"

"ஒண்ணரை."

"அந்தக் கண்ணோட மாடிப்படி ஏறு, எலும்பு வைத்தியரைப் பார்க்கலாம்." கண்ணைக் கழுவிவிட்ட அக்கா சற்று யோசித்தாள். பிறகு கேட்டாள்: "கதவைப் பார்த்துத் திட்டுவியே, அது முழுசும் மனப்பாடமா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு. முடியற வரைக்கும் கை மடியில."

அக்கா எண்ணெய்ப் பஞ்சை மறுபடி வைக்க, புயல் திட்டினாள். வாடகை பாக்கி, மாடியிலிருந்து இறங்கும் சலங்கைச் சத்தம், ஒழுகும் தண்ணீர்க் குழாய், காலொடிந்த நாற்காலி என ஒவ்வொன்றாக வந்து, "சாவியை வெச்சுட்டுக் கிளம்பு" என்பதில் வசை முடிந்தது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து விநாடி. பஞ்சை லேசாக அழுத்திக் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். கறுப்பு முழுவதும் பஞ்சோடு வந்தது. இமை வேரில் ஒட்டியிருந்ததைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தாள். எண்ணெய்ப் பசை விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும் என்பதால், வெந்நீரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து துணியை நனைத்து ஒற்றினாள். நல்ல தண்ணீரால் துடைத்தாள். மொத்தம் நான்கு நிமிடம்.

மறுநாள் பகல் காட்சி. கூடம் நிறைந்திருந்தது. இடைவேளை மணி அடித்ததும் புயல் நடன உடையையும் விக்கையும் கழற்றிவிட்டு ஓடிவந்து நாற்காலியில் விழுந்தாள். அக்கா பஞ்சை வைத்தாள்.

"ஆரம்பி."

புயல் ஆரம்பித்தாள். வாடகை வந்தது, சலங்கை வந்தது. உடனே "சாவியை வெச்சுட்டுக் கிளம்பு" என்று முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தாள். "குழாய் எங்கடி போச்சு?"

"சார் காலையில வெட்டிட்டாரு அக்கா. நாடகம் நீளமாயிடுச்சாம். பாதி வசனம்தான் இப்ப."

பஞ்சின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள் அக்கா. மை பாதிதான் இளகியிருந்தது. இப்போது இழுத்தால் தேய்க்க வேண்டிவரும், தேய்த்தால் சிவக்கும். வெளியே மேடை மேலாளர், "ஏழு நிமிஷம்" என்றார்.

"அவர் மேடையில வெட்டிக்கட்டும். எண்ணெய்க்கிட்ட யாரும் சொல்லலை," என்றாள் அக்கா. "குழாயிலேர்ந்து சொல்லு. நிறுத்தி, நிதானமா."

புயல் சொன்னாள். குழாய் ஒழுகியது, நாற்காலி ஒடிந்தது, சாவி வந்தது. அக்கா இழுத்தாள். குச்சி, ஷாம்புத் துணி, தண்ணீர்த் துணி. கண்ணாடியில் பார்த்த புயல், தன் கண்ணின் வெள்ளையை வேறு யாருடையதோ போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு உடைக்காரியிடம் ஓடினாள்.

அக்கா மேடையின் ஓரத்திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வீட்டுக்காரி விளக்கொளியில் வந்தாள். காலையில் எழுந்த முகம், துளி மை இல்லை. கதவைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். வாடகை, சலங்கை. அடுத்து சாவி வர வேண்டும்.

குழாய் வந்தது.

சற்று முன் சொன்ன வாய் நிற்கவில்லை. நாற்காலியும் வந்தது. முன்வரிசையில் ஒருவர் குலுங்கிச் சிரிக்க, சிரிப்பு பின்வரிசைவரை போனது. அது அடங்கும்வரை புயல் கதவை முறைத்துக்கொண்டு காத்திருந்தாள், கண் சிமிட்டவில்லை. அதன்பிறகுதான் சாவியைக் கேட்டாள்.

காட்சி முடிந்ததும் இயக்குநர் ஒப்பனை அறைக்கு வந்தார். புயலின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பச் சொல்லி, இரண்டு கண்களையும் குனிந்து பார்த்தார்.

"வேஷம் ரெண்டும் உனக்குத்தான்," என்றார். "ஆனா நான் வெட்டின வசனத்தை யாரைக் கேட்டுத் திரும்பச் சேர்த்தே?"

புயல் அக்காவைப் பார்த்தாள். அக்கா கறுத்த பஞ்சுகளைக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் ஊற அவ்வளவு நேரம் வேணும் தம்பி," என்றாள். "வெட்டணும்னா வேற இடத்துல வெட்டுங்க."