ஒரு மணி வயலின்

பகல் ஒரு மணிச் செய்தி முடிந்ததும் தீவின் வக்குவா ஊர் வீடுகளில் பேச்சு அடங்கிவிடும். அன்று இறந்தவர்களின் பெயர்களை வானொலியில் வாசிக்கும் நேரம் அது. பெயர்களுக்குப் பின்னால் ஒரு வயலின் மெல்ல ஒலிக்கும்.

அந்த வயலினை வாசித்தவள் தெய்வானை. மகள் சிவகாமிக்குக் கல்யாணம் நடக்கும்போது மாலை மாற்றும் நேரத்தில் வாசிக்கவென்று அவளே கட்டிய மெட்டு அது.

மூன்று மாதமாக அதைச் சாவு அறிவிப்பில் கேட்டு வயிறெரிந்துகொண்டிருந்தவளுக்கு அன்று காலை தீவின் தெற்கே சுரினாம் கிராமத்திலிருந்து சம்பந்தி அம்மாள் சொல்லி அனுப்பிய செய்தி கொள்ளி வைத்தது. சாவு மெட்டு மண்டபத்தில் கேட்டால் எங்கள் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள், வேறு ஏதாவது வாசிக்கட்டும் என்றாளாம்.

எல்லாம் தெய்வானையின் கணவன் கோபாலன் செய்த வேலை. அவன் வானொலி நிலையத்தில் இசைத்தட்டு அறைக் குமாஸ்தா. இரண்டு வருடத்துக்கு முன் புது ஒலிப்பதிவு இயந்திரத்தைச் சோதிக்க வேண்டுமென்று அவளை வாசிக்கச் சொன்னான். அந்த ஒலிநாடாவை லண்டனில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். படத்துக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆயத்த இசையை வாடகைக்கு விடும் கம்பெனி அது. மெட்டு இசைத்தட்டாகி, ‘கீழை நாடு, மெதுவானது, சோகம்’ என்ற சீட்டோடு அதே நிலையத்துக்குத் திரும்பி வந்தது. கேட்டால், உன் வயலின் லண்டன் வரை போயிருக்கிறதே, சந்தோஷப்படேன் என்கிறான்.

தெய்வானை அடுப்பை அணைத்துவிட்டு, வானொலி நிலையம் இருக்கும் பீனிக்ஸுக்குப் பஸ் ஏறினாள்.

நிலைய அதிகாரி லுசியன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அனுமதி வாங்கிய இசையை எதற்கும் போடலாம் என்று பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்டால் மனசு ஆறுகிறது என்று நேயர்கள் எழுதுகிறார்களாம்.

“இதைவிட என்ன மரியாதை வேணும், மதாம்?”

“உங்க அம்மா கல்யாணத்துல வாசிச்சதை எடுத்து சவப்பெட்டிக்குப் போட்டா சும்மா இருப்பீங்களா, மிஸ்யே?”

அவர் முகம் சிவந்தது. கோப்பைத் திறந்து லண்டன் கம்பெனி ஒப்பந்தத்தின் நகலை அவள் முன் தள்ளினார். கீழே பிரெஞ்சு எழுத்தில் அவள் பெயர். கடைசி எழுத்தின் வாலைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அரிசி அட்டையிலும் பள்ளிக்கூட அறிக்கையிலும் அவளுக்காக அந்தக் கைதான் எழுதியது. அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எந்த அலுவலகமும் அவள் கையெழுத்தைக் கேட்டதில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

வாயைத் திறந்தால் கணவனின் வேலை போய்விடும். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம்.

கதவருகில் கோபாலன், கை நிறைய இசைத்தட்டுகளோடு. வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளை முடிவு செய்ய வைத்தது.

“இது என் கையெழுத்து இல்ல.”

மேசைப் பேனாவை எடுத்து, கோவில் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழில் தன் பெயரை ஒரு தாளில் எழுதி நகர்த்தினாள். லுசியன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கோபாலனைப் பார்த்தார்.

“நான்தான் போட்டேன், மிஸ்யே” என்றான் அவன். “அவளுக்கு எப்பவும் நான்தான் போடுவேன்.”

பெண்ணின் கோபத்துக்கு அசையாத மனிதர் பொய்க் காகிதத்துக்குப் பயந்தார். நாளை முதல் வேறு தட்டு போடும்படி தொலைபேசியில் சொன்னார். லண்டனுக்கும் எழுதுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு கோபாலனிடம் அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் கோபாலன் அவளிடம் கேட்டான்.

“கல்யாண நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே?”

“கேட்டிருந்தா நானே சந்தோஷமா குடுத்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே.” அவள் பையிலிருந்து சில்லறையை எடுத்தாள். “கல்யாணத்துல அதைத்தான் வாசிப்பேன். எழுந்து போறவங்க போகட்டும்.”

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருவரையும் அடையாளம் தெரிந்த கண்டக்டர், வழக்கம்போல இரண்டு டிக்கெட் கிழிக்கப் போனான்.

“எனக்கு ஒண்ணு போதும்” என்றாள் தெய்வானை. “அவருக்கு வேணும்னா அவர் கேப்பார்.”