தாயிஃபா, அப்ஹாவா

எந்த ஊரின் பெயரைப் போடுவது என்று கம்பெனி ஆபீஸ் கிளார்க் கோபாலசாமி செல்வசிங்கிடம் கேட்டார். 1994-ல் சவூதியில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரன் தான் இருக்கும் ஊரைத் தாண்டி எங்கே போவதானாலும் கபீலின், அதாவது வேலைக்கு வரவழைத்த முதலாளியின், கடிதம் கையில் வேண்டும். போகிற இடத்தின் பெயர் அதில் அரபியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதன்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் செல்வசிங் வீட்டுக்கு வந்தான்.

அவன் செங்கடல் ஓரத்து யான்பு ரிஃபைனரியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். மனைவி சுகிர்தராணி ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். ஊருக்குப் போகிற அளவுக்கு நீண்ட லீவு அந்த ஆண்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. ஊருக்குப் போக முடியாது என்று ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியதும் மகள் ஷாஜினியும் மகன் ரெனீஷும் பகல் முழுக்க ஏசி அறைக்குள் அடைந்து கிடந்து, கார்ட்டூன் கேசட்டுக்காகச் சண்டை போட்டார்கள். வெளியே காற்று அடுப்பைத் திறந்தது போல வீசியது. ஒருநாள் டூட்டி முடிந்து வந்த சுகிர்தராணிதான் அந்தப் பேச்சை எடுத்தாள். சவூதிக்காரர்கள் கோடைக்கு மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்குகிறார்களே, நாமும் ஒரு வாரம் அப்படிப் போனால் என்ன?

பிள்ளைகள் சண்டையை மறந்தார்கள். பிறகு எங்கே போவது என்பதில் புதிய சண்டை தொடங்கியது.

சுகிர்தராணிக்கு அப்ஹா. அங்கே அசீர் நேஷனல் பார்க் இருந்தது; மலை உச்சியில் காடு, காட்டுக்குள் டென்ட் போட இடம். ஷாஜினியும் அம்மா பக்கம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் பபூன் குரங்கின் படம் பார்த்ததிலிருந்து அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தாள். செல்வசிங் தாயிஃப் என்றான். பக்கம், பழைய கார், அப்ஹா என்றால் போகவே இரண்டு மூன்று நாள் ஆகும் என்று காரணங்களை வரிசையாகச் சொன்னான். அங்கேயும் ஒரு பார்க் இருக்கிறது, மரம் இருக்கிறது, போதாதா? தாயிஃபில் மோதுகிற கார் ஓட்டலாம் என்று வகுப்புத் தோழன் சொல்லியிருந்ததால் ரெனீஷ் அப்பாவோடு சேர்ந்துகொண்டான். இரண்டுக்கு இரண்டு. ‘தட்ஸ் நாட் ஃபேர், அவன் பார்க்குக்காகச் சொல்லல்ல, காருக்காகச் சொல்லுகான்’ என்று ஷாஜினி அழுதாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வசிங் டென்ட் இரவல் கேட்க மக்தூமின் கடைக்குப் போனான். மக்தூம் காயல்பட்டினத்துக்காரர், பாத்திரமும் பாயும் விற்கிற கடை. அந்த ஊர் வழக்கப்படி செல்வசிங் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். வருஷத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு தாயிஃப் போய்வருகிறவர். டென்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிரேக்கைச் சரி பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்.

“தாயிஃபுக்கு எதுக்கு காக்கா பிரேக்கு? நேர் ரோடுதானே?” என்றான் செல்வசிங்.

“யாரு சொன்னா? மலை ஏறித்தானே தாயிஃபுக்குப் போவணும். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறும். கீழ பாத்தா தலை சுத்தும்.”

செல்வசிங் டென்டைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தான். 

உயரம் என்றால் அவனுக்குப் பயம். சின்ன வயதில் கடல்தான் எல்லாமாக இருந்ததால் அது தெரியவில்லை. ரிஃபைனரியில் உயரமான கோபுரங்களில் ஏற வேண்டிய வேலை வரும்போதெல்லாம், கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரனோடு டூட்டியை மாற்றிக்கொண்டு, பதிலுக்கு அவனுடைய வெள்ளிக்கிழமை விடுமுறை டூட்டிகளை இவன் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தாயிஃபும் மலைதான் என்று ஆனபிறகு சொல்லாமல் முடியாது என்று தோன்றியது.

சுகிர்தராணி அடுக்களையில் சாளை மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் டிவி முன்னால் இருந்தார்கள். அவன் கதவை ஒட்டி நின்றுகொண்டு சொன்னான்.

“கார் பழசுன்னு சொன்னது சும்மா, ராணி. எனக்கு உயரம்னா பயம். ரோட்டுக்க ஓரத்துல பள்ளம் தெரிஞ்சா ஸ்டீயரிங்க நேராப் பிடிக்க முடியாது. நான்தானே ஓட்டணும்? பின்னால பிள்ளைகளு இருக்கும்.”

அந்த நாட்டில் அப்போது பெண்கள் கார் ஓட்ட முடியாது. ஆகவே அதற்கு வேறு வழி இல்லை என்று இருவருக்குமே தெரியும். அவள் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

“இத இத்தன வருஷமா ஏன் சொல்லல்ல?”

“நீ சிரிப்பேன்னு நெனச்சேன்.”

“நான் இப்பம் சிரிச்சனா?” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “செரி, மலையே வேண்டாம். ஜித்தாவில போயி கடக்கரையில டென்ட் போடுவோம். பிள்ளைகளுக்கிட்ட நான் சொல்லுதேன்.”

அவ்வளவு எளிதாக அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

புதன்கிழமை மதியம் அவளை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டான். ஆபீஸ் வழியாகப் போய்க் கடிதத்துக்கு ஜித்தா என்று சொல்லிவிடலாம் என்று திட்டம். வழியில் அவள் வார்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். உம்மு சாலிஹ் என்று ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். மகன் யான்புவில் வேலை பார்க்கிறான் என்பதற்காக அசீர் மலையிலிருந்து வந்த இடத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார். தினமும் சுகிர்தராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் ஜூலையில் கம்பளி போர்த்திக்கொள்வோம், மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும், நான் போக முடியவில்லை, நீயாவது போய்ப் பார் என்பார். அப்ஹா யோசனை அங்கிருந்துதான் வந்தது என்பதே செல்வசிங்குக்கு இப்போதுதான் தெரிந்தது.

“இன்னைக்கும் கேட்டாங்க, எப்பம் போறேன்னு. பிள்ளைகளு சின்னது, அடுத்த தடவை போவோம்னு சொல்லிட்டேன்.”

அவள் குறைப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. மீன் வாங்க வேண்டும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஜித்தாவில் தங்க எந்த இடம் நல்லது என்று கேட்டாள். பழியைப் பிள்ளைகள் மேல் போட்டு அவனைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பது இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ஆபீசில் அவளைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். கோபாலசாமி பேனாவை எடுத்தார். அப்ஹா என்று எழுதச் சொன்னான் செல்வசிங். திரும்பி வந்து கடிதத்தை அவள் மடியில் வைத்தான். சுகிர்தராணிக்கு அரபி கொஞ்சம் வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“கடலோரமாத்தான் போவேன். கடைசியில மட்டும் ஒரு ஏத்தம். பகல்ல ஏறணும். எங்க நிறுத்தணும்னு தோணினாலும் நிறுத்துவேன், ஒண்ணும் சொல்லப்பிடாது” என்றான்.

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையாட்டினாள். மோதுகிற கார் இல்லை என்று முகம் தொங்கிய ரெனீஷுக்கு டார்ச் லைட்டை முழுப்பொறுப்பாகக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள்.

ஜித்தாவில் ஒரு ராத்திரி, அதற்கும் தெற்கே கடலோர ஊரான குன்ஃபுதாவில் ஒரு ராத்திரி. கடலோரச் சாலை தட்டையாக நீண்டு கிடந்தது. அடுத்த நாள் மதியத்துக்கு மேல் மலை எதிரே வந்து நின்றது. சாலை ஏறத் தொடங்கியது. மலையைக் குடைந்த குகைப்பாதைக்குள் புகுந்து வெளியே வந்தால் பாலம், பாலம் முடிந்தால் மறுபடி குகை. மூன்றாவது பாலத்தில் செல்வசிங் தவறிப்போய் வலது பக்கம் பார்த்துவிட்டான். வந்த சாலை அடியில் நூல் மாதிரி கிடந்தது. பாலம் முடிந்ததும் ஓரத்தில் ஒதுக்கி, வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

சுகிர்தராணி தண்ணீர் கொடுத்தாள். பிறகு பழக்கதோஷத்தில் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.  திரும்பிப் போவதென்றாலும் சரிதான் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அதற்கும் வந்த பாலங்களையே தாண்ட வேண்டும் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து மேகம் இறங்கியது. முதலில் மலைமுகடு மறைந்தது, பிறகு எதிரே இருந்த குகை, பிறகு சாலையோரச் சுவருக்கு அப்பால் இருந்த எல்லாமே. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

செல்வசிங் நிமிர்ந்து வலது பக்கம் பார்த்தான். வெறும் வெள்ளை. வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

“இப்பமா போறீங்க?” என்றாள் அவள். “ஒண்ணும் தெரியல்லியே.”

“அதாம் நல்லது. ஒண்ணும் தெரியல்ல.”

ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஏறினான். இதுவரை பயப்படாத சுகிர்தராணி இப்போது கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு முணுமுணுவென்று பைபிள் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தாள். அவனோ கடலில் விடியற்காலை மூடுபனிக்குள் போவது போல நிதானமாக இருந்தான். உச்சிக்கு வந்து மேகம் விலகியபோது, ஏசியை யார் இவ்வளவு கூட்டிவைத்தது என்று ரெனீஷ் கேட்டான். ஏசி போடவே இல்லை. ஜன்னல்தான் திறந்திருந்தது.

பார்க்கில் ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்கெனவே பல குடும்பங்கள் டென்ட் போட்டிருந்தன. மக்தூமின் டென்டுக்கு ஒரு கம்பு குறைந்தது. பக்கத்து டென்ட் சவூதிக்காரர் வந்து, காரின் கேரியரில் கயிற்றைக் கட்டி அதை நிற்க வைத்துக் கொடுத்தார். அவர் மனைவி ஒரு ஃபிளாஸ்க் சாயாவும் பேரீச்சம்பழமும் அனுப்பினாள். சுகிர்தராணி பதிலுக்கு முறுக்கு அனுப்ப டின்னைத் தேடினாள். மரத்தடியில் ஒரு பபூன் அதைத் திறந்து வைத்து, நிதானமாக ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. பிடரி மயிரோடு பெரிய ஆண்குரங்கு. ஷாஜினி அதை விரட்ட விடவில்லை. அது தின்று முடித்துவிட்டுப் போகும்வரை எட்ட நின்று கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளத்தாக்கு தெரிகிற விளிம்புக்கு எல்லோரும் போனார்கள். செல்வசிங் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு உயரம் பயம், நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னான். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. ஷாஜினி தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரிவதையெல்லாம் அவனுக்குக் கத்திக் கத்திச் சொன்னாள்: தீப்பெட்டி மாதிரி வீடு, படிப்படியாக வயல், நமக்குக் கீழே பறக்கிற பருந்து.

அன்று பிற்பகல் மழை வந்தது. ரெனீஷுக்கு மழை நினைவில்லை. கடைசியாக ஊரில் மழை பார்த்தபோது கைக்குழந்தை. டென்டுக்குள் ஓடி ஒளிந்தவனைச் சுகிர்தராணி கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். கறுப்பு அபாயா உடம்போடு ஒட்டிக்கொள்ள, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். சளி பிடிக்கும், உள்ளே வா என்று பிள்ளைகளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் நாலு பேரும் இரண்டு கம்பளிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, ஈரமான ரொட்டியை டின் மீனில் தொட்டுத் தின்றார்கள்.

லீவு முடிந்து இறங்கும்போது மேகம் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. செல்வசிங் பயந்துகொண்டேதான் ஓட்டினான். பல இடத்தில் நிறுத்தினான், தண்ணீர் குடித்தான், மறுபடி எடுத்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடிவாரத்தில் சூடு வந்து முகத்தில் அறைந்தபோது பின்சீட்டில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியிருந்தார்கள்.

குன்ஃபுதாவில் கடலை ஒட்டி ஒரு யேமன் நாட்டுக்காரர் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகளை எழுப்பி, பாய் விரித்து, வட்டமாக உட்கார்ந்தார்கள். சுகிர்தராணி முள்ளை எடுத்து ரெனீஷுக்கு ஊட்டினாள். செல்வசிங் இன்னொரு மீன் கேட்டு வாங்கினான்.