முப்பதாம் நாள் படுக்கை

செத்தவனின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அதன் பையிலிருந்த போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

“குடிநோய் சிகிச்சை மையத்துலேர்ந்து பேசறோம். உங்க வீட்டுக்காரருக்குப் படுக்கை வந்திருக்கு. ரெண்டு மணிக்குள்ள வரணும். வரலேன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்.”

“வீட்டுக்காரர் இல்லைங்க, தம்பி. வருவான்” என்றாள் அக்கா. ஏன் அப்படிச் சொன்னோம் என்று சொன்ன பிறகுதான் யோசித்தாள்.

போன வருடம் சட்டசபையில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். குடியை விட வேண்டும் என்று ஒருவன் தன் வாயால் கேட்டுவிட்டால், முப்பது நாளுக்குள் அரசாங்கம் அவனுக்குப் படுக்கை கொடுத்தாக வேண்டும். சட்டம் சொன்ன சொல் தவறவில்லை. சரியாக முப்பதாம் நாள் காலை பத்தரைக்குக் கூப்பிட்டுவிட்டது. அக்காவின் தம்பிகள் இருவரில் பெரியவன்தான் அவசரக்காரன்; எட்டேகாலுக்கே போய்விட்டான்.

பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். அவனைக் கடித்த கொசுக்கள் நேராகப் பறக்க முடியாமல் சுவரில் மோதி விழும். அவற்றைப் பெருக்கவே அக்கா தனியாக ஒரு துடைப்பம் வைத்திருந்தாள். ஒருமுறை நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தூங்கினான். படியேறிப் பழகியதில் அந்தக் கட்டிடத்தில் மூன்று பேருக்குச் சர்க்கரை இறங்கியது. இதற்கெல்லாம் சாட்சி சின்னவன். அண்ணனோடு வேலை செய்தவன், அண்ணனோடு குடித்தவன்.

சின்னவன் இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தான். அக்கா போய் நின்றதும் வெயிலில் முகத்தைத் தூக்கினான். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பெரியவனுக்கும் முதலில் கண்ணில்தான் ஆரம்பித்தது.

“எழுந்திருடா. படுக்கை வந்திருக்கு.”

“அவன்தான் படுத்துட்டானேக்கா.”

“உனக்குடா. அவன் பேரைச் சொல்லிப் போய்ப் படு.”

“நாலு மணிக்கு அவனை எடுக்கணும்.”

“நான் பாத்துக்கறேன்.”

“அவனுக்கு நாப்பத்தாறுக்கா. எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது.”

“கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?”

அவன் எழுந்தான். குடி அந்த எட்டு வருடத்தையும் அவனுக்கு முன்கூட்டியே கொடுத்திருந்தது.

கூடத்தில் இருந்தவர்களிடம் டாக்டர் சான்றிதழ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் பேருந்து ஏறினார்கள். மையத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்று நாற்பது. பெஞ்சில் ஒரு பெண் மடியில் துணிப்பையோடு இருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு.

“உங்களுக்கும் படுக்கையா?” என்று கேட்டாள் அவள்.

“ஆமா.”

“எங்களுது அடுத்த நம்பர். கெடு இன்னும் எட்டு நாள் இருக்கு, இவரு தாங்க மாட்டாரு. இன்னைக்கு யாரோ ஒருத்தர் இன்னும் வரலையாம். ரெண்டு மணி வரைக்கும் பாருங்கன்னாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “வரக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். நல்ல புத்தியா இது?”

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். சின்னவன் கம்பளிச் சட்டைக்காரனின் கைகளைப் பார்த்துவிட்டு, தன் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

நர்ஸ் கூப்பிட்டாள். கூடவே போன அக்காவைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டிலேயே நிறுத்தினாள். “சட்டப்படி அவரேதான் பேசணும். நீங்க அந்தப் பக்கமே நில்லுங்கம்மா.”

“பேரு?”

அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பெரியவனின் பெயரை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். சின்னவன் அவளைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தான். பிறகு தன் பெயரைச் சொன்னான்.

“இந்தப் பேர்ல இன்னைக்கு யாரும் இல்லையே?”

“நீங்க கூப்பிட்டது எங்க அண்ணனை. காலைல செத்துட்டான்.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். அக்காவை ஒரு தரம் பார்த்தாள்.

“நான் அவன் தம்பி” என்றான் சின்னவன். கக்கத்திலிருந்து கைகளை எடுத்துவிட்டு, “எனக்கும் விடணும்” என்றான்.

நர்ஸ் புதிய படிவம் ஒன்றை எடுத்துத் தேதி போட்டாள். “இன்னைலேர்ந்து முப்பது நாள். நாங்களே போன் பண்ணுவோம்.”

“அதுவரைக்கும்?” என்றாள் அக்கா, கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே.

“மாத்திரை தரேன். தினம் காலைல கூட்டிட்டு வந்து காட்டுங்க. போனை மட்டும் அணைச்சு வைக்காதீங்க.”

இரண்டு மணிக்குப் பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் புருஷனைத் தாங்கிக்கொண்டு போனாள். போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். சின்னவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றான். மதுக்கடை இருக்கும் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. அக்கா அவனுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து பேர் இறங்கினார்கள், கதவு மூடியது, பேருந்து நகர்ந்தது. இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டியும் அவள் சட்டையை விடவில்லை.